நூற்றைம்பது வருஷத் தோட்ட வீடு: எந்தப் பகுதி எப்போது கட்டியது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. பொன்னேரிப் பக்கம் வயலும் தோப்புமாக ஒரு பூர்வீகத் தோட்ட வீடு இருக்கிறது. குடும்பம் இப்போது சென்னையில். தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876-78) முன்பே கட்டியது என்று பெரியப்பா சொல்கிறார், 1902-ல்தான் கட்டினார்கள் என்று அத்தை சொல்கிறார். எழுத்தில் வரலாறு எதுவும் இல்லை; டிரங்குப் பெட்டி நிறையப் பழைய பத்திரங்கள் மட்டும் உண்டு. ஐப்பசி மழைக்கு முன் மாடியில் கான்கிரீட் போட்டு, சுவருக்கு சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. அதற்குள் வீட்டின் வரலாற்றை எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். வசதியான விவசாயக் குடும்பத்தின் பழைய வீட்டுக்கு ஒரே வயது இருப்பது அபூர்வம். விளைச்சல் நன்றாக இருந்த வருஷத்தில் ஒரு கட்டு, மகன் கல்யாணத்துக்கு ஒரு கூடம், பாகம் பிரிந்தபோது நடுவில் ஒரு சுவர் என்று வளர்ந்த வீடுதான் அதிகம். ஆகவே “வீடு எப்போது கட்டியது” என்று தேடாமல் “எந்தப் பகுதி எப்போது வந்தது” என்று தேடுங்கள். பெரியப்பா பின்கட்டைச் சொல்லியிருக்கலாம், அத்தை முன்கட்டைச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சரியாகவே இருக்கலாம்.

சிமென்ட் பூச்சை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். காகிதம் பெட்டியில் பத்திரமாக இருக்கும், அடுத்த வருஷமும் படிக்கலாம். சுவரில் இருக்கும் சான்று ஒருநாள் வேலையில் போய்விடும், திரும்ப வராது. அதனால் வீட்டை முதலில் படியுங்கள், காகிதத்தைப் பிறகு படியுங்கள்.

வீட்டைப் படிக்க இரண்டு நாளும் இரண்டு ஆளும் போதும். 100 அடி டேப், நல்ல டார்ச், நூல், ஸ்க்ரூ டிரைவர், ஒரு பெரிய வரைதாள் எடுத்துக்கொள்ளுங்கள். திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம், கூடம், நெல் அறை, அடுக்களை, பின்கட்டு, மாட்டுத் தொழுவம், கிணறு, களம் என்று எல்லாவற்றையும் அளந்து ஒரு தரைப்படம் போடுங்கள். ஒவ்வொரு சுவரின் தடிப்பையும் கதவு நிலை இருக்கும் இடத்தில் அளந்து எழுதுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே காலத்தில் எழுப்பிய சுவர்கள் பெரும்பாலும் ஒரே தடிப்பில் இருக்கும். பின்கட்டுச் சுவர் 24 அங்குலமும் முன்கட்டுச் சுவர் 18 அங்குலமும் இருந்தால் அங்கேயே கேள்வி பிறந்துவிடும்.

அடுத்து, சுவரும் சுவரும் சேரும் மூலைகள். ஒன்றாகக் கட்டிய மூலையில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை செங்கல் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். பிறகு ஒட்டிக் கட்டிய சுவரில் மேலிருந்து கீழ்வரை நேர்கோடாகப் பிளவு ஓடும். எத்தனை தடவை பூசினாலும் அந்தக் கோடு வெடித்துக்கொண்டே இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். அடைத்த ஜன்னல், எடுத்த கதவு, உயர்த்திய சுவர் எல்லாம் மேடு பள்ளமாகத் தெரியும். அதே வெளிச்சத்தில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்லை அளக்கப் பூச்சு இல்லாத இடம் வேண்டும். பரண்மேல், தொழுவத்தின் பின்புறம், கிணற்றுக் கைப்பிடிச் சுவர் இங்கெல்லாம் கிடைக்கும். ஒவ்வொரு பகுதியிலும் பத்துக் கல்லையாவது அளந்து சராசரி எடுங்கள். ஒரு கல்லை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஊர்ச் சூளையில் சுட்ட பழைய கல் மெல்லிசாகவும் அளவு முன்பின்னாகவும் இருக்கும். 9 அங்குல நீளம், 3 அங்குலக் கனம் என்று கூர் விளிம்போடு ஒரே அச்சாக வருவது சேம்பர் செங்கல்; அது பிற்காலத்து வேலை.

சாந்தில் சொல்ல நிறைய இருக்கிறது. உங்கள் பக்கத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு பழவேற்காட்டுக் கிளிஞ்சலில் இருந்து வந்தது. பழைய காரையை ஒரு துண்டு உடைத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். சரியாக நீறாத கிளிஞ்சல் துணுக்கு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், நகத்தால் கீறினால் பொடி உதிரும். சாம்பல் நிறத்தில், கல் உடைந்தாலும் தான் உடையாமல் நிற்பது சிமென்ட். இந்தியாவில் போர்ட்லண்ட் சிமென்ட் செய்யும் முதல் முயற்சி 1904-ல் சென்னையில்தான் நடந்தது, அதுவும் கிளிஞ்சலை வைத்து. அது நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் உற்பத்தி தொடங்கிய பிறகுதான் உள்நாட்டுச் சிமென்ட் பரவலானது. ஆகவே சுவரின் உள்ளே, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலேயே சிமென்ட் இருந்தால் அந்தச் சுவரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். மேல்பூச்சில் மட்டும் இருந்தால் பிறகு செய்த ரிப்பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கூடத்துத் தூண் சலவைக்கல் போல வழவழவென்று இருக்கிறதா? அது மெட்ராஸ் சுன்னம் பூச்சாக இருக்கலாம். மூன்று பூச்சு வேலை அது. கடைசிப் பூச்சுக்கு வெள்ளைக் கிளிஞ்சல் சுண்ணாம்பு 4 பங்கு, நுண்மணல் 1 பங்கு எடுத்து வெண்ணெய் போல அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய், மாக்கல் பொடி சேர்த்துப் பூசி, ஈரம் காயும்வரை கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆள்கூலியும் நாளும் தின்னும் வேலை என்பதால், இது எந்த அறையில் இருக்கிறதோ அங்கேதான் குடும்பம் விருந்தாளியை உட்காரவைத்தது. அந்தப் பூச்சின் மேல் தயவுசெய்து எனாமல் பெயின்ட் அடிக்கவிடாதீர்கள்.

கூரைக்கு வருவோம். மாடி மெட்ராஸ் டெரஸாக இருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒன்றரை இரண்டு அடி இடைவெளியில் தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்கள் கட்டைக்குக் கோணலாக, குத்துவாக்கில் வரிசை வரிசையாக நிற்கும். அதன் மேலே கண்ணுக்குத் தெரியாமல் சுமார் 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்கிய அடுக்கு, அதற்கும் மேலே தட்டோடு. கட்டைகளின் பக்கவாட்டைப் பாருங்கள். வாய்ச்சியால் செதுக்கிய தடம் இருந்தால் கைவேலை. ஏற்ற இறக்கமான நேர்க்கீற்று இருந்தால் ஆள் இழுத்த ரம்பம். வில் போல வளைந்த கீற்று இருந்தால் இயந்திர வட்ட ரம்பம். அந்தக் கட்டை பெரும்பாலும் 1850-க்குப் பிந்தையது. 1852 போரில் ரங்கூன் ஆங்கிலேயர் கைக்கு வந்த பின்பு பர்மாத் தேக்கு இன்னும் ஏராளமாக வர வழி திறந்தது.

பொன்னேரிப் பக்கத்துக்கு அது எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்பதையும் யோசியுங்கள். ரயில் 1899-ல்தான் வந்தது, சென்னை கூடூர் பாதை திறந்தபோது. அதற்கு முன்பு கனமான சரக்கு எல்லாம் கால்வாயில் படகேறி வந்தது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806-ல் பாஸில் காக்ரேன் வெட்டிய கால்வாய் பிறகு பழவேற்காட்டு ஏரி வரை நீண்டது. பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டியபின் 1878-ல் அதற்குப் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் வந்தது. உங்கள் வீட்டுக்குக் கிளிஞ்சல் தெற்கு நோக்கியும் தேக்கு வடக்கு நோக்கியும் அதே தண்ணீரில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். குடும்பத்துக்குப் படகுத்துறைப் பக்கம் கிட்டங்கி ஏதாவது இருந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள்.

சில பொருள்கள் கீழ் எல்லையைக் கொடுக்கும், அதாவது “இதற்கு முன் இருக்கவே முடியாது” என்ற ஆண்டு. மங்களூர் ஓடு அப்படி ஒன்று. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1860-களில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது, அதற்கு முன் அந்த ஓடு கிடையாது. ஆனால் இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஓட்டின் முதுகில் 1865 என்றோ 1868 என்றோ பொறித்திருப்பதைப் பார்த்து, வீட்டுக்கும் அதே வயது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது கம்பெனி தொடங்கிய ஆண்டு. ஓடு சுட்ட ஆண்டு இல்லை. காமன்வெல்த் என்ற பெயர் இருந்தால் முதல் உலகப் போருக்குப் பிந்தையது, ஏனென்றால் மிஷன் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனியின் கைக்குப் போனது அப்போதுதான். அதேபோல, கூடத்தில் இரும்பு கர்டர் இருந்தால் சுரண்டிப் பாருங்கள், உருக்கிய கம்பெனியின் பெயர் பொறித்திருக்கும். உருட்டிய எஃகு கர்டர் 1880-களுக்கு முன் வந்திருக்காது. கதவுக் கீலில் உள்ள ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றுங்கள். நுனி மழுங்கலாக இருந்தால் பழைய வகை, கூராக இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. கழற்றியதைத் திரும்ப அதே துளையில் போட மறக்காதீர்கள்.

கஜலட்சுமி செதுக்கிய வாசற்கால் மட்டும் வீட்டின் வயதைச் சொல்லாது. நல்ல நிலையையும் கதவையும் பழைய வீட்டிலிருந்து எடுத்துப் புது வீட்டில் வைப்பது வழக்கம். உத்தரத்திலும் அப்படித்தான்: எதனோடும் சேராத துளையும் காடியும் இருந்தால் அந்த மரம் முன்பு வேறு எங்கோ இருந்தது என்று பொருள். கார்பன் டேட்டிங் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். சுமார் 1650 முதல் 1950 வரையிலான காலத்தில் அந்த முறை தெளிவான விடை தராது. தந்தாலும் மரம் வளர்ந்த காலத்தைத்தான் சொல்லும், வீடு எழுந்த காலத்தை இல்லை.

பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த வீடு என்றால் அதுவும் ஒரு சான்று. ஒவ்வொரு அறையிலும் கதவுக்குப் பின்னால் ஓர் அங்குல அகலத்துக்கு, பிளேடால் படிப்படியாகச் சுரண்டுங்கள். பின்கட்டில் அறுபது படலமும் முன்கட்டில் முப்பதும் எண்ண வந்தால் எது மூத்தது என்று தெரிந்துவிடும். படலத்தை வருஷமாக மாற்றக் கூடாது. துக்க வருஷத்தில் வெள்ளையடித்திருக்க மாட்டார்கள். அறைக்கு அறை ஒப்பிட மட்டுமே இது உதவும்.

இனி டிரங்குப் பெட்டி. கட்டைப் பிரிக்கும்போது எந்தக் காகிதம் எதோடு சேர்ந்து கட்டியிருந்தது என்பதை முதலில் எண் போட்டுக் குறியுங்கள். ஒரு வழக்குக்காகச் சேர்த்த கட்டு என்றால் அந்தச் சேர்க்கையே ஒரு தகவல். மடிப்பில் ஒடியும் காகிதத்தை இஸ்திரி போடுவது, லேமினேட் செய்வது இரண்டும் கூடாது. செல்லோடேப் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும்.

தேதியைப் படிப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பத்திரத்தில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “சாலிவாகன சகாப்தம் ௲௭௱௯௰௮ தாது௵ தை௴ ௰௨௳, பசலி ௲௨௱௮௰௬”. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ஆகவே சகம் 1798, தை 12, பசலி 1286. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். சகத்தோடு 78 கூட்டினால் 1876. பலர் இங்கேயே நிறுத்தி 1876 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்து 1877 பங்குனியில் முடிந்தது. தை மாதம் என்றால் ஆங்கில ஆண்டு மாறிவிட்டது, ஆகவே இது 1877 ஜனவரிப் பிற்பகுதி. பசலியை, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டை, வைத்துச் சரிபாருங்கள். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆண்டு வரும்; 1286 என்பது 1876 ஜூலை 1 முதல் 1877 ஜூன் 30 வரை. பொருந்துகிறது. அதே தாது வருஷத்து வைகாசியில் எழுதிய பத்திரம் என்றால் பசலி 1285 என்றுதான் இருக்க வேண்டும். வெறும் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷச் சிக்கல் உண்டு. தாது என்பது 1816, 1876, 1936 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அப்போது முத்திரைத்தாளையும் பணத்தையும் பாருங்கள். விக்டோரியாவைச் சக்கரவர்த்தினி என்று சொல்லும் தாள் 1877-க்கு முந்தையதாக இருக்காது. விலை வராகன் என்ற பழைய பொன் நாணயத்தில் இருந்தால் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பகுதி. 1818-ல் ரூபாய் கணக்கு நாணயமானபோது ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள்.

எண்களில் ௭ பார்க்க எகரம் போலவும் ௮ அகரம் போலவும் ௬ சு போலவும் இருக்கும். எழுதியவர் கையைப் பழகிக்கொள்ள ஒரே பத்திர எழுத்தரின் நாலைந்து பத்திரங்களை வரிசையாக வைத்துப் படியுங்கள். ௸ என்பது மேற்படி. அதைப் பெயர் என்று நினைத்துத் தடுமாறுபவர்கள் நிறைய.

நில அளவு செங்கல்பட்டு ஜில்லாக் கணக்கில் வரும். உங்கள் ஊர் அந்தக் காலத்தில் அந்த ஜில்லாவின் பொன்னேரித் தாலுகா. இங்கே குழி என்பது 24 அடிச் சதுரம், 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். ஒரு காணியில் 2,400 சதுர அடி மனை 24 அடங்கும். தஞ்சாவூர்க் குழியை இங்கே கொண்டுவராதீர்கள், அது வேறு அளவு. பத்திரத்தில் 4 காணி என்றிருந்தால், பிற்காலப் பதிவேட்டில் 5 ஏக்கர் 29 சென்ட் வாக்கில் வரும் சர்வே எண்ணைத் தேடலாம்.

நான்கெல்லையைப் படிப்பதில் ஒரு சங்கதி. “முருகேசன் நஞ்சைக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு” என்று எழுதியிருந்தால் முருகேசன் நஞ்சை மேற்கில் இருப்பதாகப் பொருள் கொள்ளக் கூடாது. நம் நிலம் அதற்கு மேற்கில் இருக்கிறது, ஆகவே முருகேசன் நிலம் நமக்குக் கிழக்கு, வாய்க்கால் நமக்குத் தெற்கு. இதைத் தலைகீழாகப் படித்தால் படம் முழுதும் புரண்டுவிடும்.

வீட்டின் வயதுக்கு மிகவும் உதவுவது சொத்து விவரத்தில் வீட்டைச் சொல்லும் சொல். கூரை வீடு, ஓட்டு வீடு, மெத்தை வீடு என்று பிரித்து எழுதுவார்கள். மெத்தை வீடு என்றால் தளம் போட்ட வீடு. உதாரணத்துக்கு, 1871 அடமானப் பத்திரத்தில் “கூரை வீடும் தோட்டமும்” என்றும், 1894 பாகப்பிரிவினையில் அதே நான்கெல்லைக்குள் “மெத்தை வீடு, நெல் அறை, கிணறு” என்றும் இருந்தால், நடுவில் இருக்கும் 23 வருஷத்தில் தளம் ஏறியிருக்கிறது. வளைந்த ரம்பக் கீற்றும் கூர் நுனி ஸ்க்ரூவும் அந்த இடைவெளியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வீடும் காகிதமும் இப்படி ஓரிடத்தில் சந்தித்தால்தான் ஆண்டை நம்பி எழுதலாம்.

பெயர்க் குழப்பத்துக்குத் தயாராக இருங்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஆறுமுகம் மகன் சின்னசாமி, சின்னசாமி மகன் ஆறுமுகம், மறுபடி ஆறுமுகம் மகன் சின்னசாமி என்று சுற்றிக்கொண்டே வரும். இரண்டு சின்னசாமியையும் ஒருவராக்கிவிட்டால் ஒரு தலைமுறையே காணாமல் போகும். மனைவி பெயர், உடன்பிறந்தார் பெயர், சாட்சிக் கையெழுத்து, கைநாட்டா கையெழுத்தா என்பது, இவற்றை வைத்துப் பிரியுங்கள். சுவீகாரம் போனவர் தகப்பன் பெயரே மாறிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பெட்டியில் இல்லாததை அலுவலகங்களில் தேடலாம். பதிவுச் சட்டம் 1865 முதல் நடைமுறைக்கு வந்தது. 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான அசையாச் சொத்துக் கிரயம் பதிவாக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கம் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையது. அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைத்தேடல் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பெயர்வாரி அட்டவணை, சொத்துவாரி அட்டவணை என்று இரண்டு உண்டு, இரண்டிலும் தேடச் சொல்லுங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் இருப்பது 1-ஆம் புத்தகம், அதை யாரும் பார்க்கலாம். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் இறந்தபின் நகல் கேட்கலாம். அலுவலக எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன, அந்த ஆண்டில் உங்கள் கிராமம் எந்த அலுவலகத்தில் இருந்தது என்று முதலில் கேளுங்கள். வில்லங்கத்தில் ஒன்றும் வரவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது. வாய்மொழிப் பாகமும் பதியாத கூர்ச்சீட்டும் (யாருக்கு எந்தப் பாகம் என்ற பட்டியல்) அதில் ஏறாது.

வருவாய்த்துறைக் காகிதம் நிலத்தைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது. கிராம நத்தத்தில் உள்ள வீட்டுக்கு அந்தக் காலத்தில் தீர்வை கிடையாது, ஆகவே சிட்டா அடங்கலில் அந்த வீடு வராது. உங்களுடையது தோட்டத்தின் நடுவில், பட்டா நிலத்தில் நிற்பதால் கொஞ்சம் அதிர்ஷ்டம்: பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் கிணறு, தோப்பு, வீடு என்று எழுதியிருக்க இடமுண்டு. பழைய கிராம வரைபடத்துக்குச் சேப்பாக்கம் நில அளவை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்தவை அவை. பழைய புலப்படத்தில் நீளம் லிங்க்கில் இருக்கும். 100 லிங்க் 66 அடி.

நிலத்தில் ஏதாவது இனாமாக, அதாவது வரியை நீக்கியோ குறைத்தோ கொடுத்த மானியமாக, இருந்திருந்தால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கட்டாயம் போங்கள். 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் ஒவ்வோர் இனாமுக்கும் முதலில் பெற்றவர் யார், அப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் பெற்றவருக்கு என்ன உறவு என்று பதிந்து வைத்திருக்கிறது. வம்சாவளி எழுத இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. காப்பகத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். கிராமத்தின் பழைய பெயர், தாலுகா, சர்வே எண் மூன்றும் கையில் இல்லாமல் போனால் அன்றைய நாள் வீண்.

வசதியான குடும்பம் என்றால் வழக்கு இருந்திருக்கும். பாக வழக்கில் வாதி கொடுத்த வம்சாவளியும் சொத்துப் பட்டியலும் வீட்டை அறை அறையாகச் சொல்லும். சென்னை உயர் நீதிமன்றம் 1862-ல் தொடங்கியது, சென்னைத் தொடருக்கான தீர்ப்புத் தொகுதிகள் 1876 முதல் அச்சில் உள்ளன. குடும்பத்துக்குச் சென்னையில் வீடோ கிட்டங்கியோ இருந்திருந்தால் 1870 செப்டம்பருக்குப் பின் எழுதிய உயிலுக்கு உயர் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று) வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கோப்பையும் தேடுங்கள்.

கடைசியாக மழை. மாடியில் 4 அங்குலக் கான்கிரீட் என்றால் 100 சதுர அடிக்குச் சுமார் 2.2 டன் கூடுதல் பாரம். தேக்குக் கட்டை நடுவில் நன்றாக இருக்கும். சுவருக்குள் நுழையும் நுனிதான் உளுத்திருக்கும், ஏனென்றால் சுவரில் இறங்கும் ஈரம் அங்கேதான் தங்குகிறது. ஸ்க்ரூ டிரைவரை நுனியில் குத்திப் பாருங்கள், அரை அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தக் கட்டையின் கீழ் உடனே முட்டுக்கொடுங்கள். சுவருக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, உப்புப் பூத்து, அதே நுனியைத்தான் அரிக்கும். இப்போதைக்குத் தண்ணீர் போகும் துவாரங்களையும் குழாய்களையும் சுத்தம் செய்து, மாடியில் முளைத்த ஆலஞ்செடி அரசஞ்செடியை வேரோடு பிடுங்காமல் தரையோடு வெட்டி விடுங்கள். பிடுங்கினால் தளம் பெயரும். வெடிப்பை நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சுர்க்கி (செங்கல் தூள்) 2 பங்கு கலந்து அடைக்கலாம், ஆனால் அது இறுக மூன்று வாரமாவது மழை படாத நாள் வேண்டும். புரட்டாசி பாதி தாண்டிவிட்டால் அதையும் தொடாதீர்கள். மூங்கில் சாரம் கட்டித் தளத்துக்கு ஒரு அடி மேலே சாய்வாகத் தார்ப்பாய் போட்டு, அடியில் காற்றுப் போக விட்டு, சுண்ணாம்பு வேலையைத் தை பிறந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் டெரஸில் கைபழகிய கொத்தனாரை இப்போதே தேடத் தொடங்கினால்தான் தை மாதத்துக்குள் கிடைப்பார்.